குன்னூர் ஜெர்மன் வகுப்பு: தேர்வுக்குப் போதும், ஊருக்குப் போதாது

பெட்போர்டு பக்கம் மாடியில் நடக்கும் இந்த வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிக்குமேல் நர்சிங் முடித்து ஜெர்மனி போகக் காத்திருக்கும் ஊட்டி, கோத்தகிரிப் பிள்ளைகள். பி2 என்ற மேல் இடைநிலை ஜெர்மன் தேர்வுக்குத் தாராளமாகச் சேரலாம். கோத்தே நிறுவனம் நடத்தும் தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு நான்கிலும் தனித்தனியே நூற்றுக்கு 60 எடுத்தாக வேண்டும். எழுதுவதை இங்கே வரி வரியாகத் திருத்தித் தருகிறார்கள்.

குறை, மரபுத்தொடர்களுக்குத் தரும் ஜெராக்ஸ் தாளில்தான். எந்தத் தொடர் எந்த ஊரில் வழங்குகிறது என்ற குறிப்பே அதில் இல்லை. வேலையைத் தொடும் விஷயம் இது. லைப்சிக்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ ‘ஃபிர்ட்டல் ஆஹ்ட்’ என்றால் மணி ஏழே கால். ‘கால்’, ‘எட்டு’ என்று காதில் விழுவதால் நம் பிள்ளைகள் எட்டே கால் என்று எடுத்துக்கொள்வார்கள். ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் தாமதம். நாம் முடிந்த மணியோடு காலைக் கூட்டுகிறோம். அங்கே எட்டாவது மணியில் கால் பங்கு ஓடிவிட்டது என்று கணக்கு. ‘டிரைஃபிர்ட்டல் ஆஹ்ட்’ அதே முறையில் ஏழே முக்கால். ஹாம்பர்க்கில் ‘ஃபிர்ட்டல் நாஹ் ஸீபன்’ என்பார்கள், ஏழு கழிந்து கால், நமக்கு எளிது. ‘ஹால்ப் ஆஹ்ட்’ மட்டும் எல்லா ஊரிலும் ஏழரை, எட்டரை இல்லை.

‘மோயின்’ காலை வணக்கம் என்று தாள் சொல்வது தவறு. வடக்கே இரவுப் பணிக்கு நுழையும்போதும் அதைத்தான் சொல்வார்கள். பவேரியாவில் அந்த இடத்தில் ‘க்ரூஸ் கோட்’. வியன்னாவில் ‘தாஸ் கேட் ஸிஹ் அவுஸ்’ என்றால் நேரமோ பணமோ இடமோ சரியாகப் போதும் என்று பொருள்.

எது பழசு, எது புதுசு என்பதும் தெரிய வேண்டும். ‘டேர் க்ரோஷன் இஸ்ட் கெஃபாலன்’, காசு விழுந்தது, அதாவது இப்போதுதான் புரிந்தது. க்ரோஷன் எனப்பட்ட பழைய ஜெர்மன் பத்து ஃபெனிஹ் காசு 2002-ல் யூரோ வந்ததும் போய்விட்டது. தொடர் இன்றும் புழங்குகிறது. ‘அது பொருத்தமாக இருக்கிறது’ என்பதற்கு ஆங்கிலச் சாயல் கொண்ட ‘தாஸ் மாஹ்ட் ஸின்’ பேச்சில் சகஜம், ஆனால் தேர்வில் எழுதும்போது அதே பொருளில் ‘எர்கிப்ட் ஸின்’ போடுவதே பத்திரம்.

சேருகிறவர்கள் தாளின் ஓரத்தில் ‘ஊர்’, ‘இன்றைய வழக்கு’ என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். எல்ஸ்பாஸ், மோலர் என்ற மொழியியலாளர்கள் 2003 முதல் இணையத்தில் நடத்தும் அன்றாட ஜெர்மன் வரைபடத் தொகுப்பு இலவசம்; மணி சொல்வதற்கே அதில் வரைபடம் உண்டு. வேலைக் கடிதம் வந்ததும் அந்த ஊர்ப் பக்கத்து வழக்கை முதலில் பாருங்கள்.

ஐப்பசி மழையில் கரண்ட் போனால் கேட்டல் பயிற்சி நின்றுவிடுகிறது. ஒலிக்கோப்புகளை முன்கூட்டியே கேட்டு வாங்கி போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.