பிக்கப் அலைன்மென்ட்: நூல் போதுமா, 3டி மெஷின் வேண்டுமா?

நூல் கட்டி அலைன்மென்ட், அதாவது வீல்கள் நிற்கும் கோணம், பார்ப்பது பழைய வேலை, கேமரா வைத்த மெஷின்தான் சரி என்று சொல்வார்கள். பிக்கப்பில் அதை முடிவு செய்வது முன் அச்சின் அமைப்பு. அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி முன்னாலும் கமான் பட்டை உள்ள லோடு வண்டியில், ஒர்க்‌ஷாப்பில் சாதாரணமாகத் திருத்தக்கூடியது டோ மட்டும்தான் (மேலிருந்து பார்த்தால் வீல்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு). டொயோட்டா ஹைலக்ஸில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது ஒவ்வொரு வீலையும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஆர்ம் தாங்கும். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டைத் திருப்பிக் கேம்பர் (வீலின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்; வெளியே சாய்ந்தால் பாசிட்டிவ்), கேஸ்டர் (வீல் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) இரண்டையும் மாற்றலாம். தோஸ்துக்கு நூல் போதும், ஹைலக்ஸுக்குப் போதாது.

எந்த வழியானாலும் முதலில் காற்றைச் சரிபார்த்து, முன் டயர் இரண்டையும் இடம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் பக்கம் மாறினால் குறை டயரில். ஓட்டி நிறுத்தியதும் ஒரு முன் வீல் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிறகு ஜாக்கி வைத்து வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் வீல் திரும்பும் மூட்டான பால் ஜாயின்ட் அல்லது கிங் பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால், ஸ்டீயரிங்கிலிருந்து வீலைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனை (டை ராட் எண்ட்). ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது தண்டச் செலவு. சீக்கிரமே அளவு மாறிவிடும்.

நூல் முறைக்குச் சமதளத் தரையும் நான்கு ஸ்டாண்டும் போதும். ஹப் நடு உயரத்தில் இரு பக்கமும் நூல் கட்ட வேண்டும். முன் வீல் அகலமும் பின் வீல் அகலமும் ஒன்றாக இருக்காது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நூலை டயரை ஒட்டிக் கட்டாமல், இரண்டு நூல்களுக்கும் இடையிலான தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கும்படியும், ஒவ்வொரு அச்சிலும் ஹப்பிலிருந்து நூல் வரை இடமும் வலமும் சமமாக வரும்படியும் கட்டுங்கள். ஸ்டீயரிங்கை நேராகக் கட்டிவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். முன் விளிம்பின் தூரம் அதிகமென்றால் டோ-இன், அதாவது வீலின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. சரியான அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டை ராடைக் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வண்டியை முன்னோக்கி உருட்டிவிட்டு மறுபடி அளக்க வேண்டும். உருட்டாமல் அளந்தால் டயரின் முறுக்கம் அளவைக் கெடுக்கும்.

டோ கெட்டால் வண்டி பெரும்பாலும் ஒரு பக்கம் இழுக்காது, டயரைத்தான் தின்னும். டிரெட்டின் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே தடவும்போது வெட்டினாற்போல் இருந்து, திரும்ப உள்ளே தடவும்போது வழுக்கினால் டோ-இன் அதிகம். இழுப்புக்குக் காரணம் கேம்பர் அல்லது கேஸ்டர். கேம்பர் எந்தப் பக்கம் கூடுதல் பாசிட்டிவோ அந்தப் பக்கமும், கேஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கமும் வண்டி போகும். கேஸ்டரை நூலால் அளக்க வழியில்லை. வீலை இரு பக்கமும் குறிப்பிட்ட கோணம் திருப்பி அளக்கும் மெஷின்தான் வேண்டும்.

மெஷினின் பலவீனம் அதை இயக்கும் கையில்தான். ரிம்மில் கிளாம்பை மாட்டியதும் வண்டியை முன்பின் உருட்டி ரிம்மின் கோணலைக் கழிக்க வேண்டும். கூட்டம் அதிகமுள்ள கடையில் இது தவறிப்போவதுண்டு. டோவை மட்டும் திரையில் பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பிவிடுவதும் நடக்கிறது. வேலைக்கு முன்னால் ஒன்று, வேலை முடிந்த பின் ஒன்று என இரண்டு பிரிண்ட் கேட்டு, கேஸ்டரில் இடவல வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள்.

லிஃப்ட் கிட் போட்ட ஹைலக்ஸ் நேராக மெஷினுக்குத்தான் போக வேண்டும். உயரம் ஏறியதும் கேம்பர், கேஸ்டர், டோ மூன்றுமே மாறியிருக்கும். கேம் போல்ட் துருப்பிடித்திருக்கலாம் என்பதால் முதல் நாளே துரு நீக்கி ஆயில் அடித்து ஊறவிடுவது நல்லது.

பின் அச்சு நகர்ந்த கேஸ் வேறு. கமான் பட்டையில் அச்சை அதன் இடத்தில் நிறுத்தும் சென்டர் போல்ட் உடைந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கும். ஸ்டீயரிங் கோணலாக நின்றபடி வண்டி நேராக ஓடும். மெஷின் இதைத் த்ரஸ்ட் கோணமாக, அதாவது பின் வீல்கள் தள்ளும் திசை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து விலகும் கோணமாக, காட்டும். முன் ஹப் நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரு பக்கமும் டேப் பிடித்தாலும் தெரிந்துவிடும். இதற்கு டை ராடைத் தொடவே கூடாது. சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட்.