கோப் கோணத்தை இமேஜ்ஜேயில் அளப்பது: நீண்டநாள் பயன்பாட்டில் தெரிந்தவை

பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்பின் வளைவைச் சொல்லும் கோப் கோணத்தை எக்ஸ்ரேயில் அளக்கக் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. இலவசமாகக் கிடைக்கும் பட அளவீட்டு மென்பொருளான இமேஜ்ஜே (ImageJ) போதும். முறை என்னவோ 1948இல் ஜான் கோப் சொன்னதுதான். பென்சிலும் கோணமானியும் போய் மவுஸ் வந்திருக்கிறது, அவ்வளவே.

வளைவின் மேல்முனையில் மிக அதிகமாகச் சாய்ந்த முள்ளெலும்பின் மேல்விளிம்பில் ஒரு நேர்கோடு இழுத்து எம் (M) விசையை அழுத்த வேண்டும். கீழ்முனையில் அதிகம் சாய்ந்ததன் கீழ்விளிம்பில் இன்னொரு கோடு, மறுபடி எம். அட்டவணையில் 18.3, -16.1 என்று விழுந்தால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்க, வளைவு 34.4 டிகிரி. இரண்டு கோடும் இடமிருந்து வலமாகவே போக வேண்டும். முதல் கோட்டைத் திருப்பி இழுத்தால் 18.3க்குப் பதில் -161.7 வந்து நிற்கும். ராடியன்ட் (RadiAnt) என்ற எக்ஸ்ரே வியூவரில் கோப் கருவி தனியாகவே இருப்பதால் இந்தக் கழித்தல் தொல்லை இல்லை. விளிம்பு மங்கலாக இருந்தால் அந்த முள்ளெலும்பின் இருபுறமும் வட்டமாகத் தெரியும் இரண்டு பெடிக்கிள்களையும் தொட்டபடி கோடு போடலாம்.

தசமப் புள்ளியைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே படத்தை இருவர் அளந்தால் 5 டிகிரி வரை வித்தியாசம் வருவது சகஜம். கோடு இழுப்பதைவிட, எந்த முள்ளெலும்பைப் பிடித்தோம் என்பதில்தான் அதிகம் தவறுகிறது. போனமுறை டி5 (நெஞ்சுப்பகுதியின் ஐந்தாவது முள்ளெலும்பு), இந்தமுறை அதற்கடுத்த டி6 என்றால் வளைவு அப்படியே இருந்தாலும் எண் மாறிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு 25 டிகிரியை ஒட்டி பிரேஸ் (முதுகைத் தாங்கும் பட்டை) பேச்சும், 45–50ஐ ஒட்டி அறுவைசிகிச்சைப் பேச்சும் வருவதால் இந்த 5 சின்ன விஷயமில்லை. பழைய படத்தையும் புதியதையும் ஒரே அமர்வில், பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளப்பதே சரி. கீபோர்டின் டி (T) விசையால் கோடுகளை இமேஜ்ஜேயின் ஆர்ஓஐ மேனேஜர் (ROI Manager) பட்டியலில் சேர்த்து, கோப்பாகவும் சேமித்துவிட்டால், ஆறு மாதம் கழித்து எங்கே இழுத்தோம் என்ற சண்டையே இல்லை.

கோணத்துக்கு அளவுகோல் தேவையில்லை, ஆனால் படத்தின் அகல உயர விகிதம் குலையக்கூடாது. ஃபிலிமை ஜன்னலில் பிடித்து ஃபோனில் சாய்வாக எடுத்த படம் இதனால்தான் உதவாது. படுத்து எடுத்த எக்ஸ்ரேயில் உடல் பாரம் இறங்காததால் வளைவு குறைந்து தெரியும்; நின்று எடுத்ததோடு அதை ஒப்பிடவே கூடாது. சுருக்கப்பட்ட டைகாம் (DICOM, மருத்துவப் படங்களின் வடிவம்) கோப்பை இமேஜ்ஜே நேரடியாகத் திறக்காது. வேறு வியூவரில் திறந்து, சுருக்கமில்லாத படமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

தானாக அளக்கும் மென்பொருள்கள் வேகமானவைதான். விலா எலும்பின் நிழலும் வயிற்று வாயுவும் மறைக்கும் இடங்களில் தடுமாறும். அவை போட்ட கோட்டைக் கையால் நகர்த்த முடியுமா என்று முதலில் பார்க்கவும்.