அப்பா அம்மா அமெரிக்கா போக எந்த இன்சூரன்ஸ்: ஃபிக்ஸட் வேண்டவே வேண்டாம்

பி-2 விசாவுக்கு, அதாவது சுற்றிப் பார்க்க, பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அமெரிக்க விசாவுக்கு, மருத்துவக் காப்பீடு கட்டாயமில்லை. அதனாலேயே பலர் டிக்கெட் போட்ட பிறகு, கிளம்பும் வாரத்தில், விலையை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஃபிக்ஸட் திட்டமாக, அதாவது ஒவ்வொரு செலவுக்கும் இவ்வளவுதான் என்று முன்பே வரம்பு கட்டியதாக இருக்கும்.

முகப்பில் 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். உள்ளே அட்டவணையைப் பாருங்கள். டாக்டரைப் பார்க்க இவ்வளவு, ஸ்கேனுக்கு இவ்வளவு, ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இவ்வளவு. எமர்ஜென்சிக்கு அதில் சில நூறு டாலர்தான். வரும் பில்லோ ஆயிரக்கணக்கில். மிச்சம் பிள்ளை தலையில்.

காம்ப்ரிஹென்சிவ் திட்டத்தில் அப்படித் தனித்தனி வரம்பு இல்லாமல் மொத்த பில்லில் சதவீதக் கணக்கில் தருவார்கள். அதற்கு பிரீமியம் கூடுதல்தான், கொடுக்கலாம். பரவலாக உள்ள கணக்கு இது: டிடக்டிபிள் (முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை) போக முதல் 5,000 டாலரில் 80 சதவீதம் கம்பெனி தரும், அதற்கு மேல் பாலிசி வரம்பு வரை முழுவதும் தரும். டிடக்டிபிள் 250 என்றால், 12,000 டாலர் பில்லில் நம் கைக்காசு 250 + 1,000 = 1,250. ஆனால் நெட்வொர்க் ஆஸ்பத்திரிக்கு, அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிக்குத்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

இந்தியாவில் விற்கும் பயண பாலிசிகள் மலிவு. ஆனால் 60 தாண்டியவர்களுக்கு ஐசியூ, ஆபரேஷன் என்று தனித்தனியாக உச்சவரம்பு வைத்தவை நிறைய. அதுவும் பாதி ஃபிக்ஸட்தான்!

எல்லாரும் இடறுவது சுகர், பிரஷர் விஷயத்தில். 'அக்யூட் ஆன்செட்' (பழைய வியாதி திடீரெனத் தீவிரமாவது) என்று போட்டிருந்தால் பழைய வியாதிக்கெல்லாம் பணம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. முன்னறிகுறி இல்லாமல் திடீரென வந்திருக்க வேண்டும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும். நெஞ்சுவலி நாலு நாளாக இருந்தது என்று டாக்டரிடம் சொல்லி, அவர் அதை எழுதிவிட்டால் கிளெய்ம் சிக்கல்தான். 70 தாண்டினால் இந்த வசதியே இல்லாத திட்டங்களும் உண்டு. பாலிசி வாசகத்தில் இந்த ஒரு பத்தியையாவது படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வழக்கமான மாத்திரை, செக்கப் பெரும்பாலும் சேராது. ஊரிலிருந்தே மாத்திரையை டாக்டர் சீட்டோடு கொண்டுபோக வேண்டியதுதான்.

காய்ச்சல், சுளுக்குக்கு அர்ஜென்ட் கேர் (உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்கான கிளினிக்) போதும். எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் பல திட்டங்களில் தனி டிடக்டிபிள் உண்டு. அட்மிஷன், ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே கார்டில் உள்ள எண்ணுக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் தரும் தொகையைக் குறைப்பார்கள். ஐட்டம்வாரியான பில், ரசீது, பாஸ்போர்ட் நகல் மூன்றையும் எடுத்துவையுங்கள். கிளெய்முக்குக் கெடு உண்டு.

தேதியிலும் கவனம். இடையில் தங்கும் நாளைக் கூட்டினால் பாலிசி முடியும் முன்பே நீட்டித்துவிடுங்கள். காலாவதியான பிறகு புதிதாக எடுத்தால், நடுவில் வந்த வியாதியும் புது பாலிசிக்குப் பழைய வியாதிதான்.