பின்பக்க ஸ்வே பாரா, புதிய ஷாக் அப்சார்பரும் டயருமா?

முன்சக்கர இயக்கம் கொண்ட ஹேட்ச்பேக் கார்களை மலைச்சாலையில் ஓட்டுவோர் இரண்டு குறைகளைத் தவறாமல் சொல்வார்கள்: வளைவில் கார் அதிகம் சாய்கிறது, ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகும் முன்பக்கம் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. இதற்குப் பின்பக்க ஸ்வே பார் (இடது, வலது சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் இரும்புக் கம்பி) பொருத்துவது ஒரு வழி. தளர்ந்த ஷாக் அப்சார்பர்களை மாற்றி நல்ல டயர்களைப் போடுவது மற்றொரு வழி. என்னுடையதைப் போன்ற ஸ்விஃப்டில் பார் பொருத்தியிருந்த நண்பரின் காரைக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஓட்டிப் பார்த்த பிறகு, என் பழைய காருக்கு இரண்டாவது வழியையே தேர்ந்தெடுத்தேன்.

பாரின் நிறைகளை மறுப்பதற்கில்லை. நான்கு டயர்களும் நான்கு ஷாக் அப்சார்பர்களும் வாங்குவதைவிடச் செலவு குறைவு. வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்பிரிங்கைத் தொடாததால் நேர்ச்சாலையில் சொகுசு பெரிதாகக் கெடுவதில்லை. சாய்வு குறைந்ததை முதல் வளைவிலேயே உணரலாம். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் காரின் மூக்கு சொன்ன பக்கம் திரும்புகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது பிடிமானம். வளைவில் உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மொத்தம் எவ்வளவு எடை மாறும் என்பதைக் காரின் எடை, புவியீர்ப்பு மையத்தின் உயரம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம், வளைவில் செல்லும் வேகம் ஆகியவையே முடிவு செய்கின்றன. பார் அந்த மொத்தத்தைக் குறைப்பதில்லை. அதில் பின் அச்சு ஏற்கும் பங்கைக் கூட்டி, முன் அச்சின் பங்கைக் குறைக்கிறது. டயரின் மீது எடை இரு மடங்கானால் பிடிமானம் இரு மடங்காவதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது என்பதால், பின்பக்கத்தில் ஒரு டயர் அதிகம் சுமந்து மற்றொன்று லேசாகும்போது இரண்டும் சேர்ந்து தரும் பிடிமானம் முன்பைவிடக் குறைந்துவிடுகிறது. முன்பக்கம் தள்ளாமல் திரும்புவதற்குப் பின்பக்கம் தன் பிடிமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறது என்பதே இதன் பொருள்.

காய்ந்த தார்ச்சாலையில், நிதானமான வேகத்தில், இந்த இழப்பு தெரியவே தெரியாது. மழை நாளில் இறக்கத்தில் வரும்போது வளைவின் நடுவே எதிரே ஒரு பேருந்து தலைகாட்டினால், பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்போம் அல்லது பிரேக்கை மிதிப்போம். அந்த நொடியில் எடை முன்னே பாய்ந்து பின்பக்கம் இன்னும் லேசாகிறது. ஏற்கெனவே பிடிமானம் குறைந்த பின்சக்கரங்கள் வெளியே வழுக்கத் தொடங்குகின்றன. முன்பக்கம் தள்ளும் காரில் காலை எடுத்தாலே பெரும்பாலும் நிலைமை சீராகிவிடும். பின்பக்கம் வீசும் காரில் அதே செயல் ஆபத்தைக் கூட்டும். கம்பெனிகள் குடும்பக் கார்களை முன்பக்கம் சற்றுத் தள்ளும்படியே அமைப்பதற்கு இதுதான் காரணம். வழுக்கும்போது தானாகப் பிரேக் போட்டுக் காரை நிலைப்படுத்தும் இஎஸ்சி வசதி இல்லாத என் காரில் அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

டயரும் ஷாக் அப்சார்பரும் இப்படி ஓரிடத்தில் எடுத்து மற்றோரிடத்தில் கொடுப்பவை அல்ல. நல்ல டயர் நான்கு மூலைகளிலும் பிடிமானத்தைக் கூட்டுவதோடு, பார் எந்த வகையிலும் உதவாத பிரேக்கிங் தூரத்தையும் குறைக்கிறது. எண்ணெய் கசிந்து செயலிழந்த ஷாக் அப்சார்பரை மாற்றியதும், மேடு பள்ளத்தில் துள்ளிய சக்கரம் சாலையை விடாமல் பற்றுகிறது. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும்: ஷாக் அப்சார்பர் சாயும் வேகத்தைத்தான் கட்டுப்படுத்தும், நீண்ட வளைவில் காரின் சாய்வு ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். சாய்வே பிடிக்காதவருக்கு என் வழி நிறைவு தராது.

நம் சாலைகளில் பாருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு சக்கரங்களும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் பார் வேலை செய்வதில்லை. அடிப்பாகம் இடிக்காமலிருக்க நாம் வேகத்தடையைக் கோணலாக ஏறி இறங்குவோமே, அப்போது ஒரு பக்கத்து உதைப்பு மறுபக்கத்துக்கும் போய், பின்னிருக்கையில் இருப்பவரின் தலை இடவலமாக ஆடுகிறது.

ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்ற கார்களின் பின்பக்கத்தில் இரு சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கிக்கொடுக்கும் சட்டமான டார்ஷன் பீமே ஓரளவுக்கு ஸ்வே பாரின் வேலையைச் செய்வதால், வெளியில் வாங்கும் பார் அதன் மேல் கூடுதலாகப் போல்ட் செய்யப்படுகிறது. அந்த போல்ட்டுகள் தளர்ந்தால் கடகடவென்ற சத்தம் வரும். புஷ்ஷும் (பாரைத் தாங்கிப் பிடிக்கும் மென்மையான வளையம்) லிங்க் ராடும் (பாரின் முனையைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி) உள்ள வகையில் அவையும் தேயும். பாலியூரித்தேன் புஷ் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். பல ஆண்டுகள் பார் வைத்து ஓட்டியவன் அல்லன் என்பதால், இந்தப் பராமரிப்பைப் பற்றி மெக்கானிக்குகள் சொன்னதைத்தான் என்னால் சொல்ல முடிகிறது.

இத்தனைக்கும் பிறகு பார்தான் வேண்டும் என்பவர்கள் அதன் தடிமனைக் கவனிக்க வேண்டும். திடமான கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடுவதால், 16 மி.மீ. பாருக்குப் பதில் 19 மி.மீ. போட்டால் விறைப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. லிங்க் ராடைப் பொருத்த இரண்டு துளைகள் உள்ள பாராக வாங்கி, முனைக்கு அருகிலுள்ள மென்மையான துளையில் முதலில் பொருத்தி, பின்டயர்கள் தேய்ந்திருந்தால் அவற்றை மாற்றிய பிறகே மலையேறுவது நல்லது.