பழைய 386, 486 போர்டுக்கு சி.ஆர். 2032 மாட்யூல்: வாங்கலாம், டயோடை மட்டும் மாற்றுங்கள்

ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் தேதி 1980 ஜனவரி 1-க்குப் போய்விடுகிற 386, 486 கம்ப்யூட்டருக்கு, ஆன்லைனில் விற்கும் இந்த மாட்யூல் (சி.ஆர். 2032 பட்டன் செல்லுக்கான ஹோல்டர், டயோடு, வயர்கள் சேர்ந்தது) உருப்படியான பொருள். மதர்போர்டில் இருக்கும் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியைக் கழற்றி, அதே இரண்டு துளையில் இதன் வயர்களை சால்டர் செய்ய வேண்டும். அடுத்த முறை பட்டன் செல்லை மாற்ற சால்டரிங் அயர்ன் தேவைப்படாது.

குறை டயோடில்தான். பழைய பேட்டரியை போர்டு சார்ஜ் செய்யும். சி.ஆர். 2032-ஐ சார்ஜ் செய்யக் கூடாது. செல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். அதைத் தடுக்க மாட்யூலில், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4148 டயோடு போட்டிருக்கிறார்கள். தடுப்பதென்னவோ உண்மை, ஆனால் செல்லின் 3 வோல்ட்டில் 0.3, 0.4 வோல்ட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. பி.ஏ.டி.85 ஷாட்கி டயோடு போட்டால் இழப்பு வெகுவாகக் குறையும். டயோடின் கோடு போட்ட முனை போர்டின் பிளஸ் பக்கம் வர வேண்டும்.

வேலை முடிந்ததும் செல்லோடு வரிசையில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து, அதன் இரு முனையிலும் மீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். பவர் இல்லாதபோது 5 மில்லிவோல்ட் காட்டினால் 5 மைக்ரோ ஆம்பியர் போகிறது என்று கணக்கு. 225 மில்லி ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள செல் ஐந்து வருடம் வரும். பவர் போட்டதும் அளவு ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். மைனஸில் நன்றாக ஏறினால் செல் சார்ஜ் ஆகிறது, உடனே கழற்றுங்கள்.

50, 100 மைக்ரோ ஆம்பியர் காட்டினால் மாட்யூலைக் குறை சொல்லாதீர்கள், போர்டு அழுக்கு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை), ஐப்பசி மழை இரண்டும் பெய்து, குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்றும் சேர்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது சாதாரணம். பேட்டரி கசிந்த கார நீரும் பச்சைக் களிம்பும் ஈரத்தில் மின்சாரத்தைக் கடத்தும். நீர் கலந்த வினிகரை பட்ஸில் தொட்டுத் துடைத்து, சுத்தமான தண்ணீரில் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முடித்து நன்கு காயவிடுங்கள். கடிகாரத்தை ஓட்டும் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் கால்களை விட்டுவிடாதீர்கள், அங்கே களிம்பு இருந்தால் புது செல் போட்டும் கடிகாரம் நிற்கும். பல போர்டுகளில் பேட்டரி கீபோர்டு சாக்கெட் அருகில் இருப்பதால் அங்குள்ள டிராக்குகள்தான் முதலில் அரிக்கும். கீபோர்டு எரர் வந்தால் அவற்றை மீட்டரில் சோதியுங்கள்.

டல்லாஸ் டி.எஸ்.12887 கடிகார சிப் உள்ள போர்டுக்கு இது வேண்டாம். அதில் பேட்டரி சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

வயர் சற்று நீளமாக விட்டு, ஹோல்டரை கேபினெட் சுவரில் ஒட்டுங்கள். பழைய பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால், கழற்றும் முன் ஹார்டு டிஸ்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை பயாஸ் செட்டப்பிலிருந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் கழற்றினால் அவை அழிந்துவிடும்.