எட்டாம் நாள்தான் என்னைப் பற்றிக் கேட்டார்கள்

என் மகள் 30 வாரத்தில் பிறந்தாள். எடை 1,180 கிராம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 43 நாள் இருந்தாள். அங்கே தாய்மார்களுக்குத் தரும் மனநல ஆலோசனையைப் பற்றியே எழுதுகிறேன்.

முதல் ஏழு நாளும் எல்லோரும் குழந்தையைத்தான் விசாரித்தார்கள். என்னிடம் கேட்டதெல்லாம், "மாடிப்படி ஏறினாயா? பப்பாளி சாப்பிட்டாயா?" எட்டாம் நாள் ஆலோசகர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, "நேற்று தூங்கினீர்களா அம்மா?" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை.

பிறகு 10 கேள்விகள் உள்ள ஒரு தாளைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 1987 முதல் வழக்கில் இருக்கும் எடின்பரோ அளவுகோல் அது. கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. 'சில வேளைகளில்' என்பதில் குறியிட்டேன். அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். வெளியே வரும்வரை வாசலிலேயே காத்திருந்தார். இதற்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

புதன்கிழமை தோறும் தாய்மார்களைச் சேர்த்து உட்கார வைப்பார். பால் சுரக்கவில்லையே என்று நான் அழுதபோது, வாடிப்பட்டிப் பெண் ஒருத்தி, "முதல் வாரம் எனக்குப் பாலாடையின் அடிகூட நனையவில்லை அக்கா" என்றாள். எந்த மாத்திரையும் தராத நிம்மதி அது.

முதன்முதலாகக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கங்காரு பராமரிப்பு கொடுத்தபோதும் ஆலோசகர் அருகில் இருந்தார். அவள் பாதம் என் கட்டைவிரல் நீளம்தான். குழாய் கழன்றுவிடுமோ என்று மூச்சுவிடவே பயந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2022இல் நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாமல் இதைச் செய்யப் பரிந்துரைத்திருக்கிறது. எங்கள் பிரிவில் இரண்டு மணி நேரம்தான் விட்டார்கள். எனக்கு இது பெரிய குறை.

அதைவிடப் பெரிய குறை, வீட்டுக்குப் போகும் அன்றே ஆலோசனையும் நின்றுபோவது. முதல் இரவு மானிட்டர் சத்தம் கேட்காததே பயமாக இருந்தது. மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தபடியே விடிய விடிய விழித்திருந்தேன். மூன்றாம் இரவு, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமனாஸின் எண் 14416ஐ அழைத்தேன். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணைக்கூட மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை.

ஆலோசகருக்கு முழு மதிப்பெண், மருத்துவமனைக்குப் பாதிதான். உங்கள் குழந்தை அங்கே இருந்தால், டிஸ்சார்ஜ் தாளில் கண் பரிசோதனைத் தேதிக்குக் கீழே உங்களுக்கும் ஒரு தேதி எழுதித் தரச் சொல்லுங்கள்.