புளியமரப் பொந்தா, ஓடைக்கரை வளையா?

களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தோப்பு. ஆடிச் சாரலிலிருந்து அங்கே இரண்டு டரான்டுலாக்களை, அதாவது மயிரடர்ந்த பெரிய சிலந்திகளை, மாறி மாறிப் பார்த்துவந்தேன். ஒன்று கிழட்டுப் புளியமரப் பொந்தில், மற்றது ஓடைக்கரை மண்வளையில். வேலை முடிந்து வந்தபின் ராத்திரியில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். கார்த்திகையில் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டது ஓடைக்கரையை.

தோற்றத்தில் போட்டியே கிடையாது. வளைக்காரி மழையில் நனைந்த தேங்காய்நார் மாதிரி ஒரே பழுப்பு. மரத்துக்காரி உடம்பு முழுக்கச் சாம்பலும் கறுப்பும் வெளுப்புமாகக் கோலம். பட்டையோடு ஒட்டிக்கொண்டால் பட்டை எது, பூச்சி எது என்று தெரியாது. பொசிலோதீரியா என்ற இந்த மரச்சிலந்திப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே உண்டு. தட்டை உடம்பும் நீளக்கால்களும் மர இடுக்கில் நுழையத் தோதானவை.

பார்ப்பதற்கு எளிது என்றால் அது வளைதான். குனிந்தால் போதும். வாய் ஓரமெல்லாம் பட்டுநூல் மெழுகியிருக்கும். இருட்டியதும் நாலு கால்நுனி அந்த விளிம்பில் வந்து நிற்கும். செருப்பை அழுத்தி வைத்தால் உள்ளே போய்விடும், அப்புறம் அரை மணி நேரத்துக்கு வராது. நான் பார்த்தது ஒரே ஒரு வளை, அதுவும் சில மாதம்தான். ஆகவே மண்வளை வகைகள் எல்லாமே இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

என்னை மரத்துப் பக்கம் இழுத்தது அழகு அல்ல, பெயர். தொடாமல், பிடிக்காமல் இது இன்னதென்று சொல்ல முடியுமா என்பதுதான் எனக்குக் கேள்வி. பழுப்பு வகைகளைப் படத்தை வைத்துப் பிரிப்பது பெரும்பாடு. தாடையோரத்து முட்கள், பெண்ணின் விந்துப்பை வடிவம் என்று நுண்ணோக்கிக்கடியில் போக வேண்டும். உரித்துப் போட்ட சட்டையிலேயே அந்தப் பையைப் பார்க்கலாம்தான்; என்னிடம் நுண்ணோக்கி இல்லை.

பொசிலோதீரியாவுக்கு அடையாளச் சீட்டு அடிப்பக்கத்தில் இருக்கிறது. கால்களின் அடியில் எங்கே மஞ்சள், எங்கே கறுப்புப் பட்டை என்பதை வைத்தே சிற்றினத்தைப் பிரிக்கிறார்கள். ரீகாலிஸ் என்ற சிற்றினம் என்றால் வயிற்றின் அடியில் குறுக்காக ஒரு வெளுத்த பட்டையும் இருக்கும். மேலே பெரும்பாலும் ஒன்றுபோல் சாம்பல் கோலம், கீழேதான் விஷயம். மிரண்டால் முன்கால்களைத் தூக்கி அதைக் காட்டும், ஆனால் மிரட்டிப் பார்ப்பதில் எனக்கு இஷ்டமில்லை.

வழி தற்செயலாகக் கிடைத்தது. ஒன்பது மணி வாக்கில் அவள் பொந்தின் உதட்டில் முன்கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு உட்காருவாள். டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி, வேரில் உட்கார்ந்து கீழிருந்து அடித்தேன். அசையவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. கறுப்புப் பட்டைகளை எண்ணிக்கொண்டு, தாளை ஒரு நொடி விலக்கினேன். எலுமிச்சை மஞ்சள்.

மரத்துக்காரியின் பலவீனமும் மரம்தான். இதே பேரினத்தில் ராமேஸ்வரத்துக்காரியான ஹனுமவிலாசுமிகாவுக்கு 2004-இல்தான் பெயர் வைத்தார்கள். புளியந்தோப்பையும் பனையையும் நம்பி இருக்கும் அது, அழிவின் விளிம்பில். இன்னொரு சிற்றினமான நீல நிற மெட்டாலிகாவை 1899-இல் ஆந்திரத்தில் கூட்டி என்ற ஊரில் கண்டதோடு சரி, மறுபடி கண்ணில் பட்டது 2001-இல். பொந்துள்ள கிழட்டு மரம் போனால் இவற்றுக்குப் போக்கிடம் இல்லை. வளைக்காரிக்கு ஜேசிபி வராதவரை கவலை இல்லை. வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: 2019-இல் பொசிலோதீரியா முழுவதையும், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

கடியைப் பொறுத்தவரை மரத்துக்காரிதான் மோசம். ஆள் சாகாது, ஆனால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வந்து வந்து போகும்.

தோப்புக் காவல் அண்ணாச்சியிடம் பொந்து இருக்கும் கொப்பை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். "வெட்டல தம்பி. மாசியில புளி உலுக்க ஏறுறவன் பொந்துக்குள்ள கைய விட்டுட்டா என்ன செய்வீய?" என்றார். தைக்குள் அந்த மரத்தை மட்டும் நானே ஏறி உலுக்க வேண்டியதுதான்.